வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரை விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குக் கிளம்புகிறவர் விசா, டிக்கெட், மெடிக்கல் எல்லாவற்றையும் பத்துத் தடவை சரிபார்ப்பார். தினமும் சாப்பிடுகிற மாத்திரையை மட்டும் கடைசி நாள் சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய், "இதையே ஆறு மாசத்துக்குக் கொடுங்க" என்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வார். நம் ஊரில் டாக்டர் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் சில மாத்திரைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்காகவே ஆகிவிடலாம். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது

மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. "பிரஷர் மாத்திரை", "சுகர் மாத்திரை", "நரம்பு மாத்திரை" என்றுதான் நாம் மருந்தைத் தெரிந்து வைத்திருக்கிறோம். நரம்பு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கால் எரிச்சல், மரத்துப்போதல் என்றால் இங்கே பெரும்பாலும் எழுதுவது பிரிகாபலினும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை. மெத்தில்கோபாலமின் வெறும் பி12 வைட்டமின். அதனால் சாப்பிடுகிறவர் இதை ஏதோ சத்து மாத்திரை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அதில் இருக்கும் பிரிகாபலின் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து.

முதுகுவலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் பாராசிட்டமாலுடன் டிரமடால் இருக்கும். இந்தியாவே 2018-இல் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் எழுதுபவற்றில் குளோனாசிபாம், அல்பிரசோலாம் இருக்கும். இவை தனியாக வருவதுபோலவே, வேறொரு மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும். வலிப்புக்கான பீனோபார்பிட்டோன், குளோபசாம், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் எல்லாம் இதே வகைதான்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதற்கு மேலோ கீழோ இருப்பதுதான் மருந்தின் உண்மைப் பெயர். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் மருந்துகளின் அட்டையில் சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' (NRx) என்று அச்சிட்டிருக்கும். அது இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். இல்லையென்றால் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிகாபலின் இங்கே அந்தச் சட்டத்துக்குள் வராததால் அதில் அந்தக் குறி இருக்காது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது டாக்டரிடம் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பல நேரம் வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார். மாற்ற முடியாதென்றால் அந்த நாட்டு அரசின் இணையதளம் வழியாக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமீரகத்தில் இதற்கென்றே சேவை இருக்கிறது. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் தருகிறது. பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது இன்னொரு தவறு. தினமும் சாப்பிட்டு வந்த குளோனாசிபாமைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம்.

அரைகுறைச் சீட்டும் வெட்டின அட்டையும்

மருந்துச் சீட்டில் "எஸ். முருகன், 42" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து முழுப்பெயராக இருக்கும். விமான நிலைய அதிகாரிக்கு இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்கள் பாடு இன்னும் சிரமம். பலரிடம் இருப்பது ஒரு சின்ன நோட்டு, அதில் டாக்டரின் சுருக்கெழுத்து. அதைக் காட்டி எந்த நாட்டிலும் எதையும் நிரூபிக்க முடியாது.

டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றாலும் தயங்காமல் கேட்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், என்ன நோய், மருந்தின் உண்மைப் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு காலத்துக்கு, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, ஈசிஜி நகல்களையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டி நாலு, அஞ்சு என்று கொடுப்பது நம் வழக்கம். வெட்டின துண்டில் மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாமல் போய்விடும். முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். எடை குறையட்டும் என்று மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு என்று வாங்கிக் குவிப்பதும் வேண்டாம். சாதாரண மருந்துக்கே சிங்கப்பூர் மூன்று மாத அளவுதான் அனுமதிக்கிறது.

அடுத்தவர் மருந்தைச் சுமப்பது

"அண்ணே, நீங்க துபாய்தானே போறீங்க, மாமாவுக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துடுங்க." ஊரில் யாராவது கிளம்புகிறார் என்று தெரிந்தாலே இப்படி ஒரு பொட்டலம் வந்துவிடும். மறுக்க மனசு வராது. ஆனால் உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் பெயரில் சீட்டு இல்லாத மருந்தை உங்களால் விளக்கவே முடியாது. உறவு கசந்தாலும் பரவாயில்லை, வாங்காதீர்கள். மாமாவுக்கு அங்கேயே டாக்டர் இருக்கிறார்.

பெயர் எழுதாத சூரணம், லேகியம், நாட்டு மருந்துக் கடைப் பொடி ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். அம்மா கொடுத்தனுப்பும் மசாலாச் சாமான்களில் கசகசா இருக்கிறதா என்றும் பாருங்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்த பொருள், ஏனென்றால் அது அபினிச் செடியின் விதை.

இன்சுலின் போடுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்

இந்தியாவில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசியின் மூடி சிவப்பு. பெரும்பாலான வெளிநாடுகளில் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட், அந்த ஊசியின் மூடி ஆரஞ்சு. இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி ஊசியில் அங்கே வாங்கின இன்சுலினை 20 கோடு வரை ஏற்றினால் உடம்புக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து, தனி அறையில் தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம். ஊசியும் பாட்டிலும் மாறிப்போனால், அதாவது 40 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி ஊசியைப் போட்டால், 20 கோட்டுக்கு 8 யூனிட்தான் கிடைக்கும்.

முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுங்கள். பேனாக் குப்பி இங்கேயும் 100 யூனிட்தான், குழப்பம் இல்லை. பாட்டில்தான் என்றால் அங்கே வாங்கின பாட்டிலுக்கு அங்கேயே ஊசி வாங்குங்கள், பழைய ஊசிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் மறுபடி இளகினாலும் அது வேலை செய்யாது. கைப்பையில் டாக்டர் கடிதத்தோடு வையுங்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டில் மருந்துக்கு விலக்கு உண்டு. மற்ற மாத்திரைகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி தொலைந்தால் துணி வாங்கிக்கொள்ளலாம், வலிப்பு மாத்திரையை அன்று ராத்திரியே எங்கே வாங்குவது?

போன பிறகு

இங்கே கிடைக்கும் எல்லாம் அங்கே கிடைக்காது. டெனலிகிளிப்டின், வோக்லிபோஸ் போன்ற சர்க்கரை மருந்துகள் நம் ஊரில் ரொம்பப் பிரபலம், பல நாடுகளில் கிடையாது. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையை அங்கே இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துத் தருவார்கள். புதிய பெயரில் வந்ததை வேறு மருந்து என்று நினைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்ததையும் கூடவே சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஜுரத்துக்கு டோலோவும் பனடாலும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான், இரண்டும் பாராசிட்டமாலே. பார்மசியில் உண்மைப் பெயரைக் காட்டி ஒப்பிட்டுக் கேளுங்கள். தைராய்டு மாத்திரையின் கம்பெனி மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுவது நல்லது.

மெடிக்கலில் அன்ஃபிட் ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் வியாதியை மறைத்தவர்கள், போன பிறகும் கம்பெனி கிளினிக் பக்கமே போகாமல் மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு ஓட்டுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. அமீரகத்தில் 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டுகளிலும் தனியார் தொழிலாளர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது கட்டாயம். கையில் மூன்று வார மாத்திரை இருக்கும்போதே முதல் முறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள், தீர்ந்த பிறகு ஓடாதீர்கள்.

வெயிலில் வேலை என்றால் இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பல பிரஷர் மாத்திரைகளில் நீர் பிரியும் மருந்தும் கலந்திருக்கும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் மற்ற நேரத்து வியர்வையே உடம்பை வற்றவைத்துவிடும். தலைசுற்றல், எழுந்ததும் கண் இருட்டுவது என்று ஆரம்பித்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே பிரஷர் பார்த்து அளவை மாற்றச் சொல்லுங்கள்.