புதிய ப்ளூஸ் கலைஞர்களைத் தேடிப் பிடிக்க

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கிளார்க்ஸ்டேலிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். 1999இல் பிறந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் கிங்ஃபிஷ் இங்ரம் அந்த ஊர்க்காரர்தான். ஆனால் அவரோடு நின்றுவிடாதீர்கள். அவருடன் டிரம்ஸ், பேஸ் கிட்டார் வாசிப்பவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதிகம் பேசப்படாத நல்ல கலைஞர்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படுவார்கள். மெம்பிஸில் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டியின் பட்டியலையும் பாருங்கள், வென்றவர்களைத் தாண்டி.

நேரில் பதிவு செய்வதென்றால் முதலில் கலைஞரிடம் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு நேர் எதிரே போனைப் பிடித்தால் கிட்டார் கரகரக்கும், குரல் அமுங்கிவிடும். நாலைந்து அடி பக்கவாட்டில் விலகி நில்லுங்கள்.

பதிவை நண்பர்களோடு பகிரும்போது முழுக் கச்சேரியை அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. ஒரே பாட்டு போதும். கிட்டார் தனியாவர்த்தனம் தொடங்கும் நிமிடம், கலைஞர் பெயர், இடம், தேதி எல்லாம் எழுதுங்கள். பேண்ட்கேம்ப் மாதிரி தளத்தில் கலைஞரே தன் பாட்டுகளை விற்கும் பக்கத்தின் இணைப்பை முதல் வரியிலேயே வையுங்கள்.