தானாக மூடிக்கொள்ளும், ஆனால் எப்போது?

திறந்த கோப்பை மூடுவதும், ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி காக்கப் போட்ட பூட்டை விடுவதும், தரவுத்தள இணைப்பைத் திருப்பித் தருவதும் நிரல் எழுதுபவரின் ஞாபகத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே இன்றைய மொழிகள் தானியங்கி விடுவிப்பு வசதிகளைத் தருகின்றன. சி++ மொழியில் டிஸ்ட்ரக்டர், ரஸ்டில் டிராப், கோ மொழியில் டிஃபர், பைத்தானில் 2006 முதல் வித், ஜாவாவில் 2011 முதல் டிரை-வித்-ரிசோர்சஸ் என்று பெயர்கள் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றுதான். இவற்றைப் பயன்படுத்தும்போது, விடுவிப்பு நடக்குமா என்பதைவிட எந்த வரியில் நடக்கும் என்பதிலேயே நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம்.

பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் குப்பை சேகரிப்பான் இருக்கும் மொழியில் கோப்பையும் அதுவே கவனித்துக்கொள்ளும் என்று எண்ணுவது முதல் தவறு. அது நினைவகம் குறையும்போது வேலை செய்யும். எத்தனை கோப்புகள் திறந்து கிடக்கின்றன என்பது அதன் கணக்கிலேயே வராது. ஒரு பொருளைச் சேகரிப்பான் அகற்றும் முன் அழைக்கும் ஜாவாவின் ஃபைனலைஸ் முறையை நம்பிப் பலர் சிரமப்பட்ட பிறகு, 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பு அதைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பு அதை நீக்கப்போவதாகவே குறித்துவிட்டது. பைத்தானில் இந்தத் தவறு இன்னும் நயமாக ஒளிந்திருக்கும். வித் இல்லாமல் ஒரே வரியில் கோப்பைத் திறந்து படித்தால், பைத்தானை வழக்கமாக இயக்கும் சிபைத்தான் ஒவ்வொரு பொருளையும் சுட்டும் குறிப்புகளை எண்ணிக்கொண்டே வருவதால் கோப்பு உடனே மூடப்படும். அதே நிரலைப் பைபை என்ற மாற்று இயக்கியில் ஓட்டினால் எப்போது மூடப்படும் என்று சொல்ல முடியாது.

கோ மொழியில் நானே செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு கோப்புறையில் உள்ள பதிவுக் கோப்புகளை லூப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து, திறந்த அடுத்த வரியிலேயே டிஃபர் போட்டு மூடச் சொல்லியிருந்தேன். பார்வைக்கு மிக ஒழுங்கான நிரல். ஆனால் டிஃபர் லூப்பின் ஒரு சுற்று முடியும்போது இயங்குவதில்லை, ஃபங்ஷன் முடியும்போதுதான் இயங்கும். ஆகவே கடைசிக் கோப்பைப் படித்து முடிக்கும்வரை முதல் கோப்பும் திறந்தே கிடந்தது. சில டஜன் கோப்புகளை வைத்துச் சோதித்தபோது எதுவும் தெரியவில்லை. லினக்ஸில் ஒரு செயல்முறைக்கு வழக்கமாக இருக்கும் 1024 திறந்த கோப்புகள் என்ற வரம்பை நெருங்கியபோதுதான் நிரல் விழுந்தது. 2022-இல் வந்த 1.19 பதிப்பு முதல் கோ நிரல்கள் தொடங்கும்போதே இந்த வரம்பைத் தமக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம்வரை உயர்த்திக்கொள்கின்றன. அதனால் இதே தவறு இப்போது வெளிப்பட இன்னும் நாளாகும், அவ்வளவுதான். லூப்பின் உடலைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, வேலை தொடங்கும் முன்பே விடுவித்துவிடும் தவறும் உண்டு. ரஸ்டில் தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, மாறிக்குப் பெயர் தேவையில்லை என்று வெறும் அடிக்கோட்டுக்கு (_) ஒதுக்கினால், அந்த வரி முடிந்ததுமே கோப்புறை அழிந்துவிடும். ஏனெனில் வெறும் அடிக்கோடு எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அடிக்கோட்டுக்குப் பின் ஏதேனும் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும், தொகுதியின் இறுதிவரை அது உயிரோடிருக்கும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் மியூடெக்ஸ் பூட்டில் இதைச் செய்தால் இப்போதைய கம்பைலரே பிழை காட்டித் தடுத்துவிடுகிறது. மற்ற பொருள்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சி++ மொழியிலோ நிலைமை இன்னும் மோசம். தன் ஆயுள் முடியும்வரை மியூடெக்ஸைப் பூட்டி வைக்கும் லாக் கார்டு ஒன்றைப் பெயரிடாமல் நெளிவு அடைப்புக்குறிக்குள் மியூடெக்ஸைக் கொடுத்து உருவாக்கினால், பூட்டு அரைப்புள்ளியிலேயே திறந்துகொள்ளும். அதே வகையைச் சேர்ந்த யுனிக் லாக்கை அதேபோல் சாதாரண அடைப்புக்குறியோடு எழுதினால் பூட்டவே பூட்டாது. வெளியே இருக்கும் மியூடெக்ஸின் பெயரிலேயே புதிய, காலியான பூட்டு மாறி ஒன்றை அறிவித்ததாக அந்த வரியைக் கம்பைலர் புரிந்துகொள்ளும்.

மதிப்புக்கு ஏற்பக் கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ரஸ்டின் மேட்ச் கூற்றில் பூட்டைப் பிடித்து, அதே வரியில் ஒரு மதிப்பை எடுத்துச் சோதித்தால், பூட்டு மேட்ச் முழுவதும் முடியும்வரை விடுபடாது. அதன் கிளை ஒன்றுக்குள் அதே பூட்டை மறுபடி கேட்டால் நிரல் உறைந்துவிடவோ முறிந்துவிடவோ கூடும். மதிப்பை முதலில் தனி மாறியில் எடுத்துக்கொண்டு, பிறகு மேட்ச் எழுதுவதே நல்லது.

மூடும்போது ஏற்படும் பிழையை மறந்துவிடுவது அதிகம் பேசப்படாத தவறு. எழுதிய தரவு இடையகம் எனும் தற்காலிக நினைவிடத்தில் தங்கியிருந்து, மூடும் நேரத்தில்தான் வட்டுக்குப் போகலாம். அப்போது வட்டில் இடமில்லை என்றால் அதை யாரிடம் சொல்வது? சி++11 முதல் டிஸ்ட்ரக்டரிலிருந்து விதிவிலக்கு, அதாவது பிழை அறிவிப்பு, வெளியேறினால், வேறு விதமாக அறிவித்திருந்தாலொழிய, நிரலே நிறுத்தப்படும். ஆகவே நிலையான நூலகத்தின் கோப்புப் பொருள் அந்தப் பிழையை விழுங்கிவிடுகிறது. இடையகம் வழியாக எழுதும் ரஸ்டின் பஃப்ரைட்டரும் அப்படியே. முக்கியமான தரவை எழுதுகிறவர், பொருளின் ஆயுள் முடியும் முன் இடையகத்தில் உள்ளதை வெளியே எழுதும் ஃப்ளஷையோ, மூடும் குளோஸையோ வெளிப்படையாக அழைத்து, வரும் விடையைச் சரிபார்க்க வேண்டும். டிஸ்ட்ரக்டர் என்பது மறந்துபோனால் காக்கும் வலை மட்டுமே.

நிரலை நடுவில் நிறுத்தும் எக்ஸிட் அழைப்பு, சி++, ரஸ்ட், கோ ஆகிய மூன்றிலும் ஃபங்ஷனுக்குள் காத்திருக்கும் விடுவிப்புகளை இயக்காது. பிழைச் செய்தியைப் பதிவுசெய்துவிட்டு நிரலை நிறுத்தும் கோ மொழியின் லாக் ஃபேட்டலும் (log.Fatal) உள்ளே அதே எக்ஸிட்டைத்தான் அழைக்கிறது. அதனால் மெயின் ஃபங்ஷனில் டிஃபரும் ஃபேட்டலும் அருகருகே இருந்தால், அந்த டிஃபர் இயங்காமலே போகலாம்.