பெருந்தொற்றுக் காலத்தில் அறுவை சிகிச்சை நிபுணர்களும் குழந்தைப் பராமரிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அவசரமற்ற அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. ஆனால் விபத்துக் காயங்களும் குடல்வால் அழற்சியும் அவசர சிசேரியன்களும் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்பதால், அறுவை அரங்கில் பணியாற்றிய பெற்றோர்கள் ஏறக்குறைய இருபது மாதங்கள் பள்ளியின் துணையின்றிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

அப்போது நேர்ந்த பெரிய தவறு, குழந்தையை ஒரே ஒருவரின் பொறுப்பில் விட்டதுதான். வீட்டுப் பணியாளருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகும். கையுறை அணிந்து நோயாளியின் அருகே நிற்பவரோ அலைபேசியைத் தொடக்கூட முடியாது. எனவே இரண்டாவதாக ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்து, அவருடைய எண்ணை வீட்டிலும் அரங்கின் செவிலியரிடமும் கொடுத்து வைக்க வேண்டும். எந்தச் செய்தியை உடனே சொல்ல வேண்டும், எதை அறுவை முடிந்தபின் சொன்னால் போதும் என்பதையும் செவிலியரிடம் தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

தாத்தா பாட்டியிடம் விடுவது நமக்கு இயல்பான வழி. ஆனால் முதியவர்களையே அந்நோய் கடுமையாகத் தாக்கியது என்பதால், குழந்தையை அங்கும் இங்குமாக மாற்றிக்கொண்டிருப்பது ஆபத்தானது. எந்த வீடு என்று தீர்மானித்துச் சில வாரங்களாவது அங்கேயே இருக்கச் செய்ய வேண்டும்.

கணவனும் மனைவியும் மருத்துவர்களாக இருந்து, இருவருடைய பணிப் பட்டியல்களையும் ஒப்பிடாமல் விடுவது அடுத்த தவறு. இருவருக்கும் ஒரே இரவில் பணி என்பது அன்று மாலையில்தான் தெரியவரும். ஈடுபாடு குறைந்தவர் என்று கருதிவிடுவார்களோ என அஞ்சி, குறிப்பாகப் பெண் மருத்துவர்கள், துறைத் தலைவரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். பட்டியல் தயாராகும் முன்பே கேட்பது சலுகை கோருவதாகாது. கடைசி நேரத்தில் வர இயலாமல் போவதே நோயாளியைப் பாதிக்கும்.

நிர்வாகங்களுக்கும் பொறுப்புண்டு. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஆனால் மாலை 5 மணிக்கு மூடப்படும் காப்பகம், எட்டு மணி வரை நீளும் அறுவைக்கு எப்படி உதவும்?

இரவுப் பணி முடிந்த பகலைக் குழந்தையைக் கவனிக்கும் நாளாகக் கணக்கிடுவதும் தவறு. அந்தப் பகல் உறக்கத்துக்குரியது. மறுநாள் காலையில் அவர் மீண்டும் கத்தியைக் கையில் எடுக்க வேண்டியவர்.