பழைய கேசட்டைக் கணினியில் ஏற்ற: முதலில் டேப்பைப் புரிந்துகொள்வோம்

கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது என்றதும் எந்த வயரை எங்கே செருகுவது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வயர் கடைசி வேலை. டேப்பில் ஒலி எப்படிப் பதிந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் காந்தத்தூள் பூச்சு, பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. ரெக்கார்டிங் ஹெட், நுண்ணிய இடைவெளி உள்ள ஒரு மின்காந்தம். ஒலியின் மின் அலை ஏறி இறங்க, அந்த இடைவெளியைக் கடக்கும் தூளில் ஏறும் காந்தமும் கூடிக் குறையும். அனலாக் பதிவு இதுதான். ஆனால் மெல்லிய ஒலிக்கு இந்தத் தூள் சீராக இசைந்து கொடுக்காது. அதனால் காதுக்கு எட்டாத, சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றையும் சேர்த்துப் பதிகிறார்கள். அதற்குப் பெயர் பயாஸ்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: சுத்தம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். பழுப்பாக வருவது பழைய டேப்புகள் உதிர்த்த தூள்.

படி 2: ஹெட்டின் சாய்வு. பலரும் தாண்டிப்போகும் படி. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு டேப்பில் கிடைக்கும் இடம் 5 மைக்ரானுக்கும் குறைவு. ஹெட் இம்மி சாய்ந்தாலும், டிராக்கின் இரு ஓரங்களிலும் அலையின் வெவ்வேறு இடங்கள் படிக்கப்பட்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். டிரெபிள், அதாவது கீச்சென்ற உயர் ஒலிகள், செத்துவிடும். கேசட்டை ஓடவிட்டு, மோனோவில் (இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்து) கேட்டபடி, ஹெட்டின் பக்கத்திலுள்ள, சாய்வை மாற்றும் அஸிமத் ஸ்க்ரூவை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒலி எங்கே அதிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும்.

படி 3: டால்பி. டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு இது. டால்பி பி என்ற வகையைப் போட்டுப் பதிந்த கேசட்டுக்கு மட்டும் அதை ஆன் செய்யுங்கள். சாய்வைச் சரிசெய்த பிறகே இதைத் தொடுங்கள். ஏற்கெனவே மங்கிய டிரெபிளை டால்பி இன்னும் மங்கடிக்கும்.

படி 4: பதிவு. டெக்கின் (கேசட் பிளேயரின்) லைன் அவுட்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன் இன்னுக்கு. மைக் சாக்கெட் வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். பதிவின் நுணுக்கத்தை 24 பிட் என வைத்து, உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் (பூஜ்ஜியம்தான் மேல் எல்லை) தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். உச்சத்தில் நறுக்குப்பட்ட அலையை ஒழுங்காக மீட்க முடியாது.

கையில் இருப்பது டாட் (DAT, டிஜிட்டல் ஆடியோ டேப்) டேப் என்றால் கதையே வேறு. 1987-இல் சோனி கொண்டுவந்த இதிலும் காந்தத்தூள்தான். ஆனால் பதிவது எண்கள். காந்தம் எவ்வளவு என்பது இங்கே பொருட்டல்ல, திசை எங்கே மாறுகிறது என்பதே கணக்கு. ஒலியை நொடிக்கு 48,000 முறை (48 கிலோஹெர்ட்ஸ்) அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால், இரண்டு சேனலுக்கு நொடிக்கு 15 லட்சம் பிட்டுக்கு மேல் வரும். டேப்போ நொடிக்கு 8.15 மி.மீ. மட்டுமே நகர்கிறது. அதனால்தான் ஹெட்டுகளை ஓர் உருளையில் பொருத்தி, நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலவிட்டு, டேப்பில் சாய்கோடுகளாக எழுதுகிறார்கள். சின்னச் சின்னச் சேதத்தைப் பிழைதிருத்தக் குறியீடு சரிசெய்துவிடும். அதை மீறிப்போனால் கரகர சத்தமோ மௌனமோதான்.

அப்புறம், டாட் டேப்பை லைன் அவுட் வழியாக எடுக்காதீர்கள். டிஜிட்டல் அவுட்டைப் பயன்படுத்தினால் எண்கள் அப்படியே வந்துசேரும். டேப் பதிந்தது 44.1 கிலோஹெர்ட்ஸிலா 48-இலா என்று பார்த்து, மென்பொருளிலும் அதையே வையுங்கள்.