நெல்லுக்குப் போடும் யூரியா வீணாகாமல் இருக்க

வேலூர்ப் பக்கம் நட்ட கையோடு யூரியாவை மொத்தமாக வீசும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் பெரும்பாலும் பாதிகூட பயிருக்குச் சேராது.

தூவுவதற்கு முதல் நாள் சாயங்காலமே யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத் தூவுங்கள். மெதுவாகக் கரையும்.

அப்புறம் இலை வண்ண அட்டை, அதாவது வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை; இலை நிறத்தை அதோடு ஒப்பிட்டு யூரியா தேவையா என்று பார்க்கலாம். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு தடவை, மேலே முழுசாக விரிந்த இலையை அட்டைமேல் வைத்து, உங்கள் உடம்பு நிழலிலேயே பாருங்கள், வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். பத்து இலையில் ஆறு இலையாவது 4ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு மட்டும் 3ஆம் எண். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று போட்டால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான் வரும்.

சரி, கிணறு வற்றி ஏரியும் கைவிட்டால்? யூரியாவை நிறுத்திவிட்டு, பயிர் வறட்சியைத் தாங்க உதவும் பிபிஎஃப்எம் (PPFM) என்ற திரவத்தை லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். அது உயிருள்ள பாக்டீரியா, பூச்சிமருந்தோடு கலந்தால் செத்துவிடும்.