வாரம் ஒரு புதிர், அதுக்கு ஜோடியா ஒரு பாட்டு: கோடிங் புதுசா கத்துக்கறவங்களுக்கு

ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு கோடு அடிக்கிறது எல்லாரும் பண்றதுதான், நான் சொல்லப்போறது அது இல்ல. வாரத்துக்கு ஒரு புரோகிராமிங் புதிர் போடுங்க, அந்தப் புதிருக்குள்ள இருக்கற கணக்கு உங்களுக்குப் புடிச்ச எந்த இசையில ஒளிஞ்சிருக்குன்னு தேடி ரெண்டையும் ஜோடி சேருங்க. மூடுக்கு ஏத்த பாட்டுன்னு சேர்த்தா ரெண்டு வாரத்துல மறந்துடும், கணக்கு பாத்து சேர்த்தா அந்தப் பாட்டு கேக்கும்போதெல்லாம் லாஜிக்கும் கூடவே வரும்.

ஸ்டெப் 1: புதிர் எங்க எடுக்கறது

தி வீக்லி சேலஞ்ச்ங்கற வெப்சைட் போதும். 2019ல பெர்ல் மொழிக்காக ஆரம்பிச்சாங்க, இப்போ பைத்தான், ரஸ்ட்னு எந்த மொழியில வேணா போடலாம். திங்கக்கிழமை ரெண்டு புதிர் வரும், ஞாயிறு வரைக்கும் டைம், மொதப் புதிர் பெரும்பாலும் ஈஸியாத்தான் இருக்கும். கோடிங் போட்டி நடத்தற லீட்கோடு சைட்டோட வாராந்திர போட்டி ஞாயிறு காலைல நம்ம ஊரு டைம் 8 மணிக்கு, 90 நிமிஷத்துல 4 கணக்கு. ஆரம்பத்துலயே அங்க போகாதீங்க, மணியப் பாத்துக்கிட்டே இருந்தா பாட்டும் ஏறாது கோடும் ஏறாது.

ஸ்டெப் 2: மொதல்ல பாட்ட நிறுத்துங்க

கேள்வியப் படிக்கும்போது பாட்டு வேணாம். உதாரணத்த பேப்பர்ல கையால போட்டுப் பாத்துட்டு, டைப் பண்ண உக்காரும்போது வரி இல்லாத வாத்தியம் எதாவது போடுங்க, நாதஸ்வரம், லால்குடி வயலின், எது புடிக்குதோ அது. வரி உள்ள பாட்டு ஓடுச்சுன்னா நம்ம வாய் கூடவே பாட ஆரம்பிச்சிடும், வேரியபிள் பேரு மறந்துடும்.

ஸ்டெப் 3: ஒண்ணு முழுசா போட்டுப் பாக்கலாம்

கர்நாடக சங்கீதத்துல 72 மேளகர்த்தா ராகம், அதாவது தாய் ராகம் இருக்கில்ல, அந்தப் பேருக்குள்ளயே நம்பர ஒளிச்சு வச்சிருக்காங்க. கடபயாதின்னு சொல்வாங்க, அதுல ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு எண் உண்டு. பேர்ல மொத ரெண்டு எழுத்துக்கு உண்டான எண்ண எடுத்து, திருப்பிப் போட்டா ராகத்தோட நம்பர். மாயாமாளவகௌளைல ம-வுக்கு 5, ய-வுக்கு 1, 51ஐத் திருப்பினா 15. அது 15வது மேளம்தான். பாட்டு கிளாஸ்ல சரளி வரிசையே இந்த ராகத்துலதான் ஆரம்பிப்பாங்க, ஜோடிப் பாட்டுக்கு எங்கயும் அலைய வேணாம்.

இப்போ கோடு. டிக்ஷனரில (எழுத்தக் குடுத்தா அதுக்கான எண்ணத் தர்ற பட்டியல்) ம 5, ய 1, ர 2, ல 3, வ 4, ஹ 8, ந-வும் ன-வும் 0ன்னு போட்டுக்கோங்க. க, ச, ட, த, ப இப்போதைக்கு வேணாம், ஏன்னா வடமொழியில நாலு நாலு எழுத்தா இருக்கறது தமிழ்ல ஒரே எழுத்து. உதாரணத்துக்கு த-ன்னா 6, 7, 8, 9 எது வேணா இருக்கலாம். தீரசங்கராபரணத்துல வர்ற தீ-க்கு 9, ர-வுக்கு 2, அதனால 29, ஆனா நம்ம புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்து புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டற இடம். மொத ரெண்டு எழுத்துதானேன்னு இண்டெக்ஸ் 0, 1 எடுத்தா மாயா-வுல ம-வும் துணைக்காலும்தான் வரும், ய வராது. கம்ப்யூட்டருக்கு 'மா' ரெண்டு எழுத்து. அதனால லூப் போட்டு ஒவ்வொண்ணா பாருங்க, டிக்ஷனரில இருந்தா லிஸ்ட்ல சேருங்க, இல்லன்னா தாண்டிப் போங்க, ரெண்டு சேர்ந்ததும் பிரேக்.

திருப்பறதுக்கு ஸ்ட்ரிங் வித்தையெல்லாம் வேணாம், ரெண்டாவது எண்ண 10ஆல பெருக்கி மொத எண்ணக் கூட்டுங்க. ஹனுமத்தோடிக்கு 8, 0 வரும், 0 பெருக்கல் 10 கூட்டல் 8, விடை 8. சரிபாக்க இன்னும் கொஞ்சம்: ஹரிகாம்போஜி 28, நாமநாராயணி 50, ராமப்ரியா 52. ரெண்டு மெய் ஒட்டி வர்ற கூட்டெழுத்து பக்கம் இப்போ போகாதீங்க, ரத்னாங்கில பின்னால வர்ற ன-வ எடுக்கணும், சக்ரவாகத்துல முன்னால வர்ற க-வ எடுக்கணும், ரூலே ஒழுங்கா இல்ல.

ஸ்டெப் 4: மத்த புதிருக்கு ஜோடி

லூப்புக்குள்ள லூப் வர்ற புதிர்னா அதே 72தான். ஸ்வரத்துல ரி மூணு வகை, க மூணு வகை, ஆனா சேர்க்கை 9 இல்ல 6, ஏன்னா க எப்பவும் ரி-க்கு மேலதான் இருக்கணும், அதாவது உள் லூப் வெளி லூப் நிக்கற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். த, நி ஸ்வரங்களுக்கும் அதே 6, மத்யமம் (ம ஸ்வரம்) 2 வகை, பெருக்கினா 72. ரெண்டு வண்டி எப்போ ஒண்ணா வரும்னு கேக்கற மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) புதிருக்கு தனி ஆவர்த்தனம், அதாவது கச்சேரில மிருதங்கம் தனியா வாசிக்கற பகுதிய எடுத்துக்கோங்க. ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, மிஸ்ர சாபு தாளத்துக்கு 7, கையில 8 போட்டுக்கிட்டே வாயில ஏழேழா சொல்லிட்டே போனா 56ல ரெண்டும் ஒண்ணா சமத்துல, அதாவது தாளம் ஆரம்பிக்கற இடத்துல வந்து விழும். கைல தட்டிப் பாருங்க, ஃபார்முலா மனப்பாடம் பண்றதவிட இது மேல்.

சினிமாப் பாட்டுலயும் தேடலாம். பல்லவி திரும்பத் திரும்ப வர்றது ஃபங்ஷன், சரணம் ஒவ்வொண்ணும் வேற ஆர்க்யுமெண்ட். எல்லாத்துக்கும் ஜோடி கிடைக்காது, டேட் ஃபார்மேட் மாத்தற மாதிரி சப்புன்னு ஒரு புதிர் வந்தா விட்டுடுங்க, இழுத்துப் புடிச்சு பொருத்தாதீங்க.

ஸ்டெப் 5: எழுதி வைங்க

ஃபைலோட மொத வரில கமெண்ட்டா பாட்டு பேரு, ரெண்டாவது வரில ஏன் இந்தப் பாட்டுன்னு ஒரே ஒரு வாக்கியம். ஏன்னு எழுத முடியலன்னா உங்களுக்கு இன்னும் லாஜிக் சரியா புடிபடலன்னு வச்சுக்கோங்க, இன்னொரு தடவ பேப்பர்ல போடுங்க. பிளேலிஸ்ட்டுக்கும் வார நம்பரையே பேரா வச்சா பின்னால தேட சௌகரியம்.