பிள்ளைகளோடு ஒசாகா: டோக்கியோவில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு

சுற்றுலா வருபவர்கள் புகழும் ஜப்பான் ரயில் பாஸ் ஸாய்ரியூ கார்டு (வசிப்பிட அட்டை) வைத்திருக்கும் உங்களுக்குக் கிடையாது. அது தற்காலிக விசாவில் வருபவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் அவர்கள் வாங்கலாம். ஆனால் ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரிலிருந்து 50,000 யென். டோக்கியோவிலிருந்து ஒசாகா போய்வர ஷின்கான்சென் அதிவேக ரயிலான நொஸோமியில் முன்பதிவு இருக்கையோடு சுமார் 29,500 யென்தான் ஆகும். இந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் வாங்குவது நஷ்டம்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏப்ரல் கடைசி முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் முன்னோர் வழிபாட்டு விடுமுறையான ஓபோன், டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை: இந்த மூன்றையும் தவிர்க்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த நாட்களில் நொஸோமியில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது, ஹோட்டல் வாடகையும் எகிறும். பிள்ளை இந்தியப் பள்ளியில் படித்தால் அதன் விடுமுறைப் பட்டியலை ஜப்பானியப் பள்ளிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள்தான் உங்களுக்கு லாபம். ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்டும் சென்னை வெயிலுக்குப் பழகியவர்களையே சோர வைக்கும். கைக்குழந்தை இருந்தால் வேண்டாம்.

ஷின்கான்சென் டிக்கெட்

6 வயது ஆன தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். பள்ளியில் சேராத 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வீதம் இலவசம், ஆனால் தனி இருக்கை கிடையாது. முன்பதிவு இருக்கை வேண்டுமென்றால் குழந்தைக்கும் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். பயணம் இரண்டரை மணி நேரம். நான்கு வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் மடியில் வைத்திருக்க முடியுமா என்பது உங்கள் முழங்காலுக்கே தெரியும். எங்கள் கருத்து: மூன்று வயதுக்கு மேல் இருக்கை வாங்கிவிடுங்கள்.

ஒரு பக்கம் ஏ, பி, சி என மூன்று இருக்கை, மறுபக்கம் டி, இ என இரண்டு. பெற்றோர், ஒரு பிள்ளை என்றால் மூன்று இருக்கைப் பக்கம். கைக்குழந்தையோடு இருவர் என்றால் டி, இ. ஒசாகா போகும்போது ஃபுஜி மலை தெரிவது இ பக்கம்தான், டோக்கியோவை விட்டு முக்கால் மணி நேரத்தில். பாலூட்ட 11-ஆம் பெட்டியில் ஒரு சிறு அறை உண்டு. காலியாக இருந்தால் நடத்துநர் திறந்துவிடுவார்.

சாமான் பெட்டிகளில் கவனம் தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, கடைசி வரிசையில் சாமான் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பே எடுக்க வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. எடுக்காமல் ஏறினால் 1,000 யென் வசூலிப்பார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டிகள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டும். குழந்தை வண்டிக்கு இந்த விதி இல்லை. பெரிய பெட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம் என்றால் முந்தின நாள் செவன் இலெவனிலோ ஃபேமிலி மார்ட்டிலோ கொடுத்து யமாதோ தக்யூபின் கூரியர் வழியாக ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம், சாதாரணமாக மறுநாள் போய்ச் சேரும். அனுப்பும் படிவத்தில் ஹோட்டல் முகவரியோடு தங்கும் தேதியையும் முன்பதிவில் உள்ள பெயரையும் எழுதுங்கள். பெயர் மாறினால் ஹோட்டலில் பெட்டியைத் தேட வேண்டிவரும்.

டிக்கெட்டை ஸ்மார்ட் இஎக்ஸ் என்ற முன்பதிவுச் செயலியில் எடுத்தால் புறப்படும் வரை கட்டணமின்றி ரயிலை மாற்றலாம். சுய்கா ரயில் அட்டையை இணைத்து நுழைய நினைத்தால் இருக்கை எடுத்த ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும், பிள்ளைக்குப் பிள்ளைகளுக்கான சுய்கா. இல்லையென்றால் நிலைய இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்

இங்கே அறைக்கு அல்ல, ஆளுக்குத்தான் பெரும்பாலும் விலை. பெற்றோரின் கட்டிலிலேயே படுக்கும் பிள்ளைக்கு, அதாவது சொய்னே முறையில், காசு வாங்காத ஹோட்டல்கள் நிறைய. ஆனால் வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும், கட்டிலுக்கு ஒரு பிள்ளை என்பதும் பொதுவான நிபந்தனை. பிள்ளைகளைக் கணக்கில் காட்டாமல் முன்பதிவு செய்துவிட்டு நால்வராகப் போய் நிற்பதுதான் வழக்கமாக நடக்கும் சிக்கல். அறையின் அனுமதி எண்ணிக்கையைத் தாண்டினால் இன்னொரு அறை எடுக்கச் சொல்வார்கள். செமி டபுள் கட்டிலின் அகலம் 120 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், மூவர் படுக்க முடியாது. சமையலறையோடு கூடிய மிமாரு போன்ற அபார்ட்மென்ட் ஹோட்டல்கள் விலை கூடுதல்தான், ஆனால் நால்வருக்குப் பிரித்துப் பார்த்தால் கட்டுப்படியாகும்.

சாதாரண ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைக்க வேண்டாம். அநேக இடங்களில் தடை. அதோடு ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் குக்கர் இங்கே 100 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும், அரிசி ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

சாப்பாடு

சைவக் குடும்பங்களுக்கு இதுதான் கடினமான பகுதி. ஒசாகாவின் பெருமையான உடோன் நூடுல்ஸ் சூப், ஒகொனோமியாகி (முட்டைகோஸ் அடை) மாவு இரண்டிலும் தாஷி உண்டு. தாஷி பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு. மேலே கறி இல்லை என்பதால் அது சைவமாகிவிடாது. கடைக்காரரிடம் “இறைச்சி வேண்டாம்” என்றால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார். “நிகு, சகானா, தாஷி நாஷி” (இறைச்சி, மீன், தாஷி இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தகோயாகி என்றால் உள்ளே ஆக்டோபஸ். தயிர், கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ எதிலும் ஜெலட்டின் இருக்கலாம், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

நிச்சயமாகக் கைகொடுப்பவை: கோகோ இச்சிபான்யா உணவகத்தின் பல கிளைகளில் உள்ள பெஜிடாரியன் கரே, நேபாளிகள் நடத்தும் நான் ரொட்டிக் கடைகளின் பருப்புக் கறி, சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் 200 கிராம் பாக்கெட் சாதம். மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்தில் சூடாகும் அந்தச் சாதத்தில் பருப்புப் பொடியும் நெய்யும் போட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடும். பல ஹோட்டல்களில் பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பொது மைக்ரோவேவ் இருக்கும். ரயிலுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், ஷின்கான்சென்னில் சாப்பிடுவது சகஜம். மணம் வருமே என்று தயங்க வேண்டாம், 551 ஹோராய் கடையின் பன்றியிறைச்சி பன்னோடு ஏறும் ஒசாகாக்காரர்களை யாரும் இறக்கிவிடவில்லை. ஓபோன் வெயிலில் மட்டும் தயிர்சாதம் வேண்டாம்.

எங்கே போவது

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். இரண்டாவது இடத்தைச் சேர்த்தால் மாலையில் தூங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டிவரும்.

நான்கு வயதுக்குக் கீழ் இருந்தால் யுனிவர்சல் ஸ்டுடியோஸை விட்டுவிடுங்கள். டிக்கெட் இலவசம்தான், ஆனால் பிள்ளைக்கு ஏற முடிந்தவை குறைவு. அங்குள்ள நின்டெண்டோ பகுதியின் மரியோ கார்ட் சவாரிக்குப் பெரியவரோடு சேர்ந்தும் 107 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், யோஷி சவாரிக்கு 92. வீட்டிலேயே அளந்து பார்த்துச் சொல்லிவிட்டால் வரிசை முடிவில் அழுகை இருக்காது. ஒரு பிள்ளை ஏற முடியாவிட்டால் சைல்ட் ஸ்விட்ச் கேளுங்கள், பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். கூட்ட நாட்களில் நின்டெண்டோ பகுதிக்குள் போக நேரச் சீட்டு வேண்டும். பூங்காவுக்குள் வந்தபின்தான் அதைச் செயலியில் எடுக்க முடியும், குடும்பத்தின் எல்லா டிக்கெட்டையும் முதல்நாளே பதிந்து வையுங்கள். வாயில் பல நாட்களில் அறிவித்த நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒகிமாச்சியில் உள்ள கிட்ஸ் பிளாசா. ஆஸ்திரியக் கலைஞர் ஹுண்டெர்ட்வாஸர் வடிவமைத்த வளைந்து நெளியும் குட்டி நகரத்தில் அரை நாள் ஓடும், மழை நாளுக்கும் உகந்தது. கைய்யூகான் மீன்காட்சியகத்தில் மேல் தளத்துக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி இறங்கிவர வேண்டும், திமிங்கிலச் சுறா நடுத்தொட்டியில். மான்கள் திரியும் நாராவுக்கு ஒசாகா நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் 40 நிமிடம். மானுக்கான பிஸ்கட்டைக் காட்டி ஏமாற்றினால் மான் கடிக்கும், பிள்ளையிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள்.

மெட்ரோவில் மட்டும் சுற்றும் நாளுக்கு என்ஜாய் எகோ கார்டு: வாரநாளில் 820, சனி ஞாயிறு 620, பிள்ளைகளுக்கு 310 யென். குறைந்தபட்சக் கட்டணமே 190 என்பதால் நாலைந்து முறை ஏறினால் போதும். ஜேஆர் ரயிலில் செல்லாது. மிதோசுஜி பாதையில் வாரநாள் முழுக்கப் பெண்களுக்கான பெட்டி ஒன்று ஓடும். தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவர்கள் ஏறலாம், அப்பா ஏறக்கூடாது. எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடது, இங்கே வலது ஓரமாக நிற்பார்கள்.

காய்ச்சல் வந்தால்

இரவில் #8000 அழைத்தால் பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று ஆலோசனை சொல்வார்கள். அவசரத்துக்கு 119. டோக்கியோவில் பிள்ளைகளின் மருத்துவச் செலவை ஏற்கும் சான்றிதழ் ஒசாகாவில் செல்லாது. காப்பீட்டு அட்டையாகப் பதிந்த மை நம்பர் கார்டைக் காட்டி, பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு 20 சதவீதம், பள்ளிப் பிள்ளைக்கு 30 சதவீதம் கட்டுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி, திரும்பி வந்ததும் எதோகாவாவோ வேறோ, உங்கள் வார்டு அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். மருந்துக்கடை ரசீது தனி, அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.